அபூ கலூம் போகும் வழியில்

காற்று பலமாக இருந்ததால் அன்று அபூ கலூம் கடற்கரைக்குப் படகுகள் போகவில்லை. கெய்ரோவிலிருந்து வந்திருந்த தம்பதிக்கு ஒட்டகந்தான் கதி. கணவன் விளையாட்டாக, "ஏறுங்க டாக்டரம்மா!" என்றதைக் கேட்டதும், ஃபுரைஜ் மற்ற ஒட்டகக்காரர்களை முந்திக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான்.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். பாதித் தூரம் நடந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நெசமாவே டாக்டருங்களா?"

"ஆமா, ஏன் ஹாஜியாரே?"

"என் சம்சாரத்துக்கு நாலு மாசமா வயிறு ஊதிக்கிட்டே போவுது. உடம்பு மட்டும் குச்சியா ஆயிட்டு."

"கண்ணு மஞ்சளா இருக்கா?"

"எலுமிச்சம்பழங்கணக்கா இருக்கு."

"இறங்குனதும் ஒரு தடவை பாக்கறேன்" என்றாள் மேலேயிருந்து.

அபூ கலூமில் இறங்கியதும் கணவன் நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாகக் கரைக்குப் போனான். டாக்டர் ஃபுரைஜின் பின்னால் அவனுடைய ஓலைக் குடிசைக்குள் குனிந்து நுழைந்தாள். அவன் மனைவி நஸ்ரா பாயில் கிடந்தாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கையில் பல்லைக் கடித்துக்கொண்டவள், கையை எடுத்ததும் சிரித்தாள்.

"என்ன தாயி, ஆணா பொண்ணா? இந்த வயசுல ஊரு சிரிக்கப் போவுது!"

டாக்டரும் சிரித்தாள். வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"முன்னாடியே யார்கிட்டயும் காட்டலியா?"

"தஹபு ஆஸ்பத்திரில காட்டினோம். கெய்ரோவுக்குப் போகச் சொன்னாங்க. ஆட்டை எல்லாம் யாரு பாப்பான்னு இவ வரமாட்டேன்னுட்டா. நானும் விட்டுட்டேன்."

"கல்லீரல்ல கட்டி ஹாஜியாரே. ரொம்பப் பரவிடுச்சு."

"இப்பக் கூட்டிட்டுப் போனா? இன்னைக்கே?"

வேண்டாமென்று அவள் தலையசைத்தாள். "அலைக்கழிக்காதீங்க. வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன். பக்கத்துலயே இருங்க."

ஃபுரைஜ் சீட்டை வாங்கி நெஞ்சுப்பையில் வைத்தான். எழுத்து அவனுக்குத் தெரியாது. கரையிலிருந்து கணவன் கையசைத்துக் கூப்பிட்டான். அவள் தயங்கி நின்றாள்.

"போங்கம்மா. இவ்ளோ தூரம் வந்துட்டு மீனு பாக்காமப் போவாங்களா?"

அவன் உள்ளே போனான். நஸ்ரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?"

"வாய்வாம். மாத்திரை எழுதியிருக்கா."

"வாய்வுக்கா இம்புட்டு நேரம் வெளிய நின்னு பேசுனீங்க?"

அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோளைத் தொடப் போனவன், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

குடிசை வாசலிலிருந்து பார்த்தால் தெரிந்தது. டாக்டரும் கணவனும் காற்றடிக்காத ஒதுக்கில் பவளப்பாறைக்கு மேலே முகம் கவிழ்த்து மிதந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே இருங்க என்று டாக்டர் சொல்லியிருந்தாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அவனைவிட்டால் இங்கே வேறு ஆள் இல்லை. அவன் எழுந்துபோய் ஒட்டகத்துக்குச் சேணம் இறுக்கத் தொடங்கினான்.