கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் ஒன்றாகக் கலப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த மாதக் கடைசிக்குள் முடிவைக் கொடுக்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவே ரத்தாகிவிடும் என்பதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகக் கணினிக்கு அம்புட்டு பெரிய வரிசை. அதனால் சிவகாசியில் அம்மா வேலை பார்க்கும் அச்சகத்து முதலாளி ராஜபாண்டியனிடம் போய் நின்றேன். அம்மா மாடத்தி அங்கே காலண்டருக்குத் தகரம் அடிக்கிறாள். டிசைனுக்கு வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. மகராசன், கொடுத்தார். ஆனால் டிஸ்க் முழுக்க முருகனும் லட்சுமியும். ஒரு படத்தையும் அழிக்கக் கூடாதென்றார். மிச்சமிருந்த மூலையில், என் கணக்கின் பழைய சேமிப்பின் மேலேயே புதியதை எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது கரண்ட் போனால் இரண்டுமே போச்சு. ஆயுத பூஜைக்குக்கூட நிறுத்தக் கூடாது, யாரும் கிட்டவே போகக் கூடாதென்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அதுக்கென்ன செல்வி, அங்கன யாரும் போகமாட்டாக" என்றார். முதலாளியே சரியென்ற பிறகு அம்மாவிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நட்சத்திரங்கள் உரசத் தொடங்கியிருந்தன. பூஜையன்று கைடு கூப்பிட்டாரென்று மதுரை போனேன். மறுநாள் வந்து பார்த்தால் என் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே செவ்வந்திப்பூ. வயரைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தது. மாட்டிப் போட்டுப் பார்த்தேன். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்து கிடந்தது. எல்லாம் முதலிலிருந்து.

ராஜபாண்டியனிடம் கத்தினேன். அவர் அசரவில்லை.

"ஒங்கம்மாதான் பிடுங்குனா. ஆசைப்பட்டுச் செய்யுறவள நான் எப்படித் தடுக்க?"

புது காலண்டர் ஆர்டர் வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டர் வேண்டுமாம். தை பிறந்தால் பார்க்கலாமாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா கையை எடுத்திருப்பாள். பாவி மனுசன், தெரிந்தேதான் வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அம்மாவிடம் போய், எதற்கு அதைத் தொட்டாய் என்று கேட்டேன். என் கோபம் அவளுக்கு உறைக்கவேயில்லை. முகமெல்லாம் பெருமை.

"எல்லா மெசினுக்கும் பொட்டு வச்சாக. கத்தரிக்கோலுக்குக்கூட வச்சாக. ஒன்னோடதுகிட்ட மட்டும் ஒருத்தரும் போகல. நம்மளதுன்னா இங்கயும் தள்ளித்தான் வப்பாகளான்னு எனக்குப் பொறுக்கல. மொதலாளிகிட்டயே கேட்டேன். நீயே வையி மாடத்தின்னு பூசைத் தட்ட எங்கையில குடுத்துட்டாரு. பூசையில ஓடக் கூடாதுல்ல, அணைக்கத் தெரியாம வயரப் பிடுங்குனேன். இம்புட்டு வருசத்துல அந்தத் தட்ட நான் தொட்டதில்ல தாயி."

தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சியதே நான்தான் என்று வாய்வரை வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வச்சிருக்கம்மா" என்றேன்.