ஆறு ஹெல்மெட்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி நிற்கிற அந்தப் பம்பு கம்பெனியின் வாசலில், ‘இங்கே ஆணும் பெண்ணும் சமம்’ என்று பன்னிரண்டு அடிக்குப் போர்டு இருக்கிறது. அதில் ஸ்பானரோடு சிரிக்கிற பெண் மும்பை மாடல். கம்பெனிக்குள் இருந்த ஒரே பெண், பயிற்சிக்கு வந்த சகாயசெல்வி. ஐடிஐயில் டர்னர், அதாவது கடைசல் வேலை, படித்தவள். பதினோரு மாசமாக அவளுக்குக் கொடுத்த பயிற்சி, விருந்தாளிக்குச் சந்தனம் நீட்டுவதும் ஆயுத பூஜைக்குக் கோலம் போடுவதும்தான். சர்ச்சுக்குப் போகிற, கோவில் பக்கமே போகாத வேதக்காரப் பெண், புள்ளிக் கோலத்தில் கரை கண்டுவிட்டாள்.

லேத்தைத் தொட்டால், “ஏம்மா, கையெல்லாம் கிரீஸ் ஆயிடும்” என்று ஹெச்.ஆர். மேனேஜர் தெய்வசிகாமணி பதறுவார்.

ஆறு மிஷினில் வேலை பார்த்ததாக லாக் புக்கில் ஆறு கையெழுத்து இருந்தால்தான் ட்ரேட் டெஸ்ட் எழுத விடுவார்கள். போட வேண்டியவர் தெய்வசிகாமணி. புக்கை அனுப்பக் கடைசி நாளும் வந்துவிட்டது. ஆறு கட்டமும் காலி.

“மிஷினையே தொடாதவளுக்கு எப்படிம்மா போடறது? நியாயம்னு ஒண்ணு இருக்குதுல்ல?”

அதே நாளில், பம்பு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சங்கீதா என்ற ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். ‘எங்களிடம் ஆறு பெண்கள் மிஷின் ஓட்டுகிறார்கள்’ என்று தெய்வசிகாமணி எப்போதோ ஈமெயிலில் பெருமைப்பட்டிருந்தார். அதைச் சரிபார்க்கத்தான் சங்கீதா வந்திருந்தார்.

தெய்வசிகாமணி சகாயசெல்வியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஆறு மிஷினும் ஆறு ரூம்ல வரிசையா இருக்குது. எல்லா ரூமுக்கும் பின்கதவு இருக்குது. மேடம் முன்பக்கமா நடந்து வருவாங்க. நீ பின்பக்கம் உப்பள வரப்புல ஓடிப் போயி அடுத்த மிஷின்ல நின்னுடு. ஹெல்மெட் ரூமுக்கு ஒரு கலர். மாஸ்க், கண்ணாடி போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்.”

“மிஷின ஓட்டணுமா சார்?”

“ஓட்டித் தொலை. இன்னைக்கு ஒரு நாளு.”

மஞ்சள் ஹெல்மெட்டில் லேத் ஓட்டினாள். ஆபரேட்டர் ராஜ்கமல் அவள் கடைந்த புஷ்ஷை அளந்து பார்த்துவிட்டு, தன் பீஸை மேஜைக்கடியில் ஒளித்தான்.

“எந்த ஊர்மா?” என்றார் சங்கீதா.

“கிளியனூருங்க.”

நீல ஹெல்மெட்டில் டிரில்லிங். ஊர் கூனிமேடு. பச்சையில் மில்லிங். ஊர் கோட்டக்குப்பம்.

“சுத்துப்பட்டு ஊர் எல்லாத்துக்கும் வாய்ப்புக் கொடுத்திருக்கீங்க” என்று சங்கீதா டேப்லெட்டில் டிக் அடித்தார்.

“அது எங்க கொள்கைங்க மேடம்” என்று தெய்வசிகாமணி நெஞ்சை நிமிர்த்தினார்.

வரப்பில் உப்புக் கூடையோடு ஓடுகிற மேரிசெல்வியின் மகள் சகாயசெல்வி. ஓட்டம் பிரச்சினையில்லை. ஆனால் வரப்புச் சேற்றில் ஷூ போட்டு யாரும் ஓட மாட்டார்கள், வழுக்கும். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். கிரைண்டிங் ரூமுக்குள் வந்த அவசரத்தில் மாட்ட மறந்துவிட்டாள்.

“சேஃப்டி ஷூ இல்லையே. காலெல்லாம் உப்பு வேற” என்றார் சங்கீதா.

தெய்வசிகாமணி குறுக்கே வந்தார். “வேலை செய்யற எடத்த கோவிலா நெனைக்கறாங்க மேடம். இந்தப் பக்கத்துப் பண்பாடு.”

சங்கீதா உருகிப்போய், ‘பண்பாட்டு மதிப்பு’ என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.

ஐந்தாவது மிஷின் முடிந்தது. ஆறாவது ரூமில் சிவப்பு ஹெல்மெட் மட்டும் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது. தெய்வசிகாமணி, “மேடத்துக்கு ரோஸ்மில்க் கொண்டா” என்று கத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினார். சகாயசெல்வி வரப்பில் குந்தியிருந்தாள். மடியில் லாக் புக்.

“என்னாம்மா இது, எழுந்து ஓடு.”

“கையெழுத்து சார்.”

“ஆடிட் முடியட்டும்மா.”

“போன மாசமும் இப்படித்தான் தள்ளிப்போட்டீங்க. அஞ்சு மிஷின் ஓட்டிட்டேன், அந்த மேடமே போட்டோ எடுத்திருக்காங்க. ஆறாவதுக்கும் சேத்துப் போடுங்க, ஓடறேன்.”

ரோஸ்மில்க் டம்ளர் காலியாகும் ஓசை உள்ளே கேட்டது. தெய்வசிகாமணி உப்புக் குவியல் மேல் புக்கை வைத்து ஆறு கையெழுத்தும் போட்டார். சகாயசெல்வி சிவப்பு ஹெல்மெட்டுக்கு ஓடினாள். தெய்வசிகாமணி சேற்றில் ஒரு ஷூவை விட்டுவிட்டு வந்தார். ஒற்றை ஷூவோடு நின்றவரைப் பார்த்து, பண்பாட்டில் பாதி இவருக்கும் இருக்கிறது என்று சங்கீதா நினைத்திருக்க வேண்டும்.

ஹால் டிக்கெட் வந்த வாரமே சங்கீதாவின் ரிப்போர்ட்டும் வந்தது. பாராட்டு ஒரு பக்கம். கடைசி வரியைத்தான் தெய்வசிகாமணி இரண்டு தடவை படித்தார்: மூன்று மாதத்தில் மறுபடி வருவோம், ஆறு பெண்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

“ஒரே மேஜையில எப்படிம்மா ஓடுவே? இன்னும் அஞ்சு பேருக்கு நான் எங்க போவேன்?”

சகாயசெல்வி பையிலிருந்து ஐந்து கடுதாசியை எடுத்து மேஜையில் வைத்தாள். கூடப் படித்த ஐந்து பெண்கள் இதே கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டபோது வந்த பதில்கள். ‘பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லாததால் வருந்துகிறோம்.’

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் சார். இதுக்கு மட்டும் ஒடனே போட்டுட்டீங்க.”

தெய்வசிகாமணி கொத்தனாருக்கு போன் போட்டார்.