கையைப் பிடித்திருந்தவன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. அடுத்த வீட்டில் ரவிக்கை தைக்கும் ஜாஹிதா பேகம் போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு. அமாவாசையன்று மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பிதுங்கிக்கொண்டிருந்ததாம். சாமி வந்து, தலைமுடி அவிழ்ந்து, ஒரு பெண் தள்ளாடியபடி வந்தாளாம். கூட்டம் விலகி வழிவிட்டது. ஜாஹிதாவும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோக்கும்போதுதான் அவருக்குத் திக்கென்றிருக்கிறது.

"அந்தப் பொண்ண ஒரு ஆளு கையப் புடிச்சி இட்டுன்னு போனான்ண்ணே. அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு கேட்டா எனக்குத் தெரியாது. அங்க நின்ன யாருக்கும் தெரியாது."

அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புருஷனோ அண்ணனோ ஓரமாக உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பான். ஜாஹிதா அதை மறந்துவிட்டு அடுத்த ரவிக்கையை வெட்டப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

2

தொடர் கொலை நாவல் என்றால் முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்து உலுக்க வேண்டுமாம். உலுக்கிப் பார்த்தேன்.

ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் அந்தப் பிணம் கிடந்

[அதை யார் தூக்கிக்கொண்டு ஏறியது? வெறுங்கையோடு ஏறவே எனக்கு நாக்கு தள்ளுகிறது. கீழே டிக்கெட் வேறு கேட்பார்கள்.]

கொலைகாரனின் சிவந்த கண்களில் வெறி

[அடித்துவிட்டேன். கண் சிவந்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் நைட் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர்கூட வெளியே இருக்க முடியாது.]

சிங்கவரம் போகிற வழியில், மல்லாட்டைக் கொல்லையில்*, இரண்டாவது பெண்ணின் உடல் கிடைத்தபோது, பயிற்சி எஸ்.ஐ. பூங்குழலி இந்த ஊர் ஸ்டேஷனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

[இது இருக்கட்டும்.]

* வேர்க்கடலை என்றுதான் எழுதியிருந்தேன். "மல்லாட்டன்னு எழுதுனா இன்னா, கொறஞ்சா பூடுவீங்க?" என்று ஜாஹிதா கேட்டார். மாற்றிவிட்டேன்.

3

பூங்குழலி மேல் எனக்கு ஆரம்பத்தில் நம்பிக்கையே இல்லை. முதல் பிரதியில் அவளுக்குப் புல்லட் வண்டியும் கூலிங் கிளாஸும் கொடுத்து, பயமே தெரியாதவளாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பிடுங்கிவிட்டேன். இப்போது இருப்பவள் அந்த உடலைப் பார்த்ததும் பனைமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தவள். அன்று சாயங்காலம் நைனாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று பொய் சொன்னவள். இவளை நம்பலாம் என்று தோன்றியது.

இறந்த இரண்டு பெண்களும் அமாவாசையன்று, பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனவர்கள். சாட்சிகளை விசாரிக்கிற வேலையை இன்ஸ்பெக்டர் செல்லப்பன் இவளிடம் தள்ளிவிட்டார். சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பூக்கடைக்காரம்மா முதல் டைம் கீப்பர் வரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். புடவை என்ன நிறம், குங்குமம் எப்படி வழிந்தது, கண் எப்படிச் செருகியிருந்தது, எல்லாம் சொன்னார்கள். கூட யார் வந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சு தடுமாறியது. ஒருவர் நெட்டை என்றார், ஒருவர் குட்டை என்றார், இன்னொருவர் கூட யாருமே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

பயத்தில் புளுகுகிறார்கள் என்பது செல்லப்பனின் கட்சி. பூங்குழலிக்கு அப்படித் தோன்றவில்லை. பூக்கடைக்காரம்மா சொல்லும்போதே கையைக் கூப்பித் தலைகுனிந்து காட்டினாள், அங்கேதான் பூங்குழலிக்குப் பொறி தட்டியது. சாமி வந்தவள் எதிரே வந்தால் ஊரே தலைகுனிந்து கும்பிடுகிறது. குனிவதற்கு முன் பார்ப்பதும் சாமியைத்தான், அவள் கையைப் பிடித்திருக்கிறவனை இல்லை. அவன் ஒளியவே வேண்டாம். ஜூஸில் எதையோ கலந்து கொடுத்து, மயக்கம் ஏறியதும் கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தை அப்பினால் போதும். நடு பஸ் ஸ்டாண்டில் நடத்திக்கொண்டு போகலாம்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. போன அமாவாசைக்கு அதே பஸ் ஸ்டாண்டில் பந்தோபஸ்துக்கு நின்றவள் அவள். விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கியவளும் அவள்தான்.

4

[இந்த இடத்தில் அவளை அழவிடலாமா என்று யோசித்தேன். அவள் அழவில்லை. நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய்விட்டாள்.]

"சார், அந்தப் பொண்ணுக்கு நான்தான் சார் வழி வுட்டேன். ஆட்டோவ நிறுத்திக் குடுத்ததும் நான்தான். கும்பிட்டேன் சார்."

செல்லப்பன் கத்துவார், சஸ்பெண்ட் என்பார் என்று நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானா இருந்தாலும் கும்புட்டுத்தாம்மா இருப்பேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த அமாவாசைக்குச் சாமி ஆடி வருகிற எல்லோரையும் நிறுத்தி விசாரிக்கலாமா என்று அவள் கேட்டாள். சாமி வந்தவளிடம் ஆதார் கார்டா கேட்பாய், கூட்டம் நம்மைச் சும்மா விடுமா என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம்.

5

அமாவாசை வந்துவிட்டது. மத்தியான வெயில். பம்பைச் சத்தம். ஸ்பெஷல் பஸ் ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலோர சீட்டில் ஒரு கட்டைப்பை மட்டும் உட்கார்ந்திருந்தது. இடம் பிடிக்க யாரோ போட்டது. யாருடைய பை என்று கண்டக்டர் கத்திப் பார்த்தார். பக்கத்து சீட்டு அம்மாள், காத்தாயி என்று ஒருத்தி களை எடுக்கிற வேலைக்காரி, தாகம் என்று இறங்கிப் போனவள் இன்னும் வரவில்லை என்றாள். படிக்கட்டில் பந்தோபஸ்துக்கு நின்ற பூங்குழலி அதைக் கேட்டுக் கீழே குதித்தாள். சீட்டுப் பிடித்தவள் பையை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டாள்.

அதே நேரம் ஜூஸ் கடைப் பக்கம் கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

முடிவு (அ): பூங்குழலி பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தாள். காத்தாயி பிழைத்தாள்.

[ஜாஹிதா: "அவ்ளோ ஈசியா இருந்தா மொத ரெண்டு பேரு ஏன் செத்தாங்க?"]

முடிவு (ஆ): பூங்குழலி பாய்ந்து பிடித்தது உண்மையான ஒரு புருஷனை. நிஜமாகவே சாமி வந்த பெண்டாட்டியை அவன் தாங்கிக்கொண்டு வந்திருந்தான். கூட்டம் அவள்மேல் திரும்பியது. அந்தக் கூச்சலில் இன்னொரு பக்கமாகக் காத்தாயி ஆட்டோவில் ஏற்றப்ப

[ஜாஹிதா கத்தரிக்கோலை வைத்துவிட்டார். "காத்தாயி சாவக் கூடாதுண்ணே. பேரு வச்சிட்டு, பையப் போட்டு சீட்டு புடிக்க வச்சிட்டு, அப்புறம் சாவடிச்சா நீங்க மட்டும் யாரு?"]

6

சாகக்கூடாது என்றுதான் எனக்கும் இருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். காத்தாயியின் முடி, குங்குமம், செருகிய கண், புழுதியில் இழுபடும் முந்தானை எல்லாம் தானாக வந்து விழுகிறது. அவனை எழுத வேண்டும் என்று பேனாவைத் திருப்பினால் அது குனிந்துகொள்கிறது. சந்தேகமாக இருந்தால் மேலே போய்ப் பாருங்கள். கொலைகாரனைப் பற்றிய கதையில், அடித்துவிட்ட அந்தச் சிவந்த கண்ணைத் தவிர, அவன் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

எனவே இதற்குமேல் என்னால் ஆகாது. பூங்குழலி இந்த முறை கும்பிடவில்லை, தலையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறாள். ஆனால் நடுவில் ஆள் மேல் ஆள். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று முட்டி மோதிக்கொண்டிருக்கிறாள், விசில் சத்தத்தைப் பம்பை அமுக்கிவிடுகிறது. ஷேர் ஆட்டோ உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறது. காத்தாயியின் கால் பின்னுகிறது, அவள் எதையோ சொல்லப் பார்க்கிறாள், நாக்கு புரளவில்லை. அவள் கையைப் பிடித்திருப்பவன் உங்களுக்கு நேர் எதிரே வந்துவிட்டான்.

"சாமி வந்திருக்குது. கொஞ்சம் வழி வுடுங்க" என்கிறான், ரொம்ப மரியாதையாக.

இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஒதுங்குகிறார்கள். பூங்குழலி வந்து சேரும்வரை நீங்கள் நகராமல், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.