மீசை போன ராஜா தலைப் பவுன்

தௌசீப் அகமதுவுக்குக் கண்தான் சோறு போட்டது. ஆம்பூரில் மக்பூல் அகமதுவின் தோல் ஃபேக்டரியில் அவன் செலக்‌ஷன் பார்ப்பவன். ஒரு தோலை எடுத்து மேசைமேல் வீசினால், உண்ணி கடித்தது எங்கே, முள் கீறியது எங்கே, உரித்தவனின் கத்தி பட்டது எங்கே என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவான். அந்தக் கண்ணை நம்பித்தான் மக்பூல் சாப் பழைய தங்கக் காசுகளையும் வாங்குவார். அவருக்கு அது ஒரு பைத்தியம். வாங்கியதை லாக்கரில் போட்டால் போட்டதுதான், பெற்ற பிள்ளை கேட்டாலும் வெளியே வராது.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே அஜீஸுன்னிசா உட்கார்ந்திருந்தாள். துணி மூட்டையோடு வீடு வீடாகப் போய் வியாபாரம் செய்கிறவள். ஆம்பளைகள் இல்லாத நேரம் பார்த்துப் பெண்கள் அவளிடம் நகை நட்டைக் கொடுத்து ரகசியமாக விற்றுத்தரச் சொல்வதும் உண்டு. அவளிடம் ஒரே ஒரு சட்டம். எந்த வீட்டுப் பொருள் என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் போச்சு, மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். அந்த வாய்க்கட்டு இருந்ததால்தான் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும் எல்லாச் சமையலறையிலும் அவளுக்கு டீ கிடைத்தது.

"பாரு தௌசீப், ராஜா தலைப் பவுன். எந்த ரகம்னு சொல்லு, வாங்கிப் போட்டுர்றேன்" என்றார் சாப்.

தௌசீப் காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். முகத்தில் விரல் படக்கூடாது, விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பழைய பவுனில் மேடான இடம்தான் முதலில் தேயும். இந்தப் பக்கம் ராஜாவின் கன்னமும் மீசையும், அந்தப் பக்கம் குதிரையின் தொடை. பல கை மாறித் தேய்ந்த காசு மங்கலாக, மழமழவென்று இருக்கும். இதுவோ புதுப்பெண் மாதிரி பளபளத்தது. சந்தேகத்தோடு லென்ஸை வைத்தான். மயிரிழைக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில் ஓடின. எந்த மடையனோ மெஷினில் கொடுத்துத் தேய்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். ராஜாவுக்குத் தாடி இருந்தது, மீசையைக் காணோம். விளிம்பைச் சுற்றிக்கொண்டே வந்தான். குதிரை வாலுக்கு நேரே நொய்யரிசி அளவுக்கு ஒரு பள்ளம்.

யா அல்லாஹ்! அந்த மடையன் அவனேதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் தங்கை அலீனாவின் நிக்காஹ். பேரணாம்பட்டு மாப்பிள்ளை தபரேஸ் மஹராகக் கொடுத்த பவுன் அது. மஹர் என்றால் பெண்ணுக்கே சொந்தம், கட்டியவனுக்கும் அதில் கை வைக்க உரிமை கிடையாது. காசு மங்கலாக இருக்கிறதே, தங்கைக்கு மின்ன வேண்டாமா என்று இந்தப் பெரிய அறிவாளி அதைக் கொண்டுபோய் ஷூ பாலிஷ் போடும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தான். காசு கையை விட்டுப் பறந்து இரும்பு ஸ்டாண்டில் மோதியது. அலீனா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ராஜாவுக்கு மீசைய எடுத்துட்டியே பாய்ஜான்! போவட்டும் வுடு, இது எங்க தொலஞ்சாலும் நீ ஒருத்தன் கண்டுபுடிச்சிடுவே."

அந்த மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வான். ஸ்பீக்கரில்தான் அலீனா பேசுவாள், பக்கத்திலேயே மாமியாரின் இருமல் கேட்கும். "நல்லா இருக்கேன் பாய்ஜான்." வேறு பேச்சே வராது. இரண்டு ஈத் பெருநாளுக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு தடவை காய்ச்சல் என்றார்கள், ஒரு தடவை விருந்தாளி என்றார்கள். அவனும் சரி சரி என்று போனை வைத்தான். தோலில் உண்ணிக்கடியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. தூ, இதெல்லாம் ஒரு கண்ணா என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

"இன்னாப்பா, எந்த ரகம்?" என்றார் சாப்.

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தபரேஸ்தான் திருடி விற்கிறான், வேறு யார்? நல்ல காசு என்று சொன்னால் சாப் லாக்கருக்குப் போய்விடும். எந்த வீடு என்று கேட்டால் அஜீஸுன்னிசா எழுந்துவிடுவாள். என் தங்கை மஹர் என்று உண்மையைச் சொன்னால் மதியம் லுஹர் தொழுகைக்குள் ஊரே பேசும், பேசியது பேரணாம்பட்டுக்குப் போகும், அங்கே அடி விழுவது அவளுக்கு. வாங்க வேண்டாம் என்று சொல்லி முதலில் காசை வெளியே கொண்டுபோய்விட்டால் பிறகு ஏதாவது பார்க்கலாம் என்று தோன்றியது.

"பஃபிங் பட்ட காசு சாப். மீச போச்சு, விளிம்புல அடி. உங்களுக்கு ஆவாது."

"அட ச்சே! அப்ப வெறும் தங்கம்தான். அஜீஸுன்னிசா ஆபா, வேலூர்ல என் தோஸ்த் பட்டறைக்கு எங்க வேன் இப்ப கெளம்புது. அதுலயே போய்டுங்க, சாயங்காலத்துக்குள்ள உருக்கிடுவான்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! தங்கையின் மஹரை நெருப்பில் போட அவன் வாயாலேயே வழி செய்தாகிவிட்டது. அஜீஸுன்னிசா காசைத் துணியில் முடிந்தபடி முணுமுணுத்தாள். "பாவம் அந்தப் பொண்ணு. எவ்ளோ நம்பிக் குடுத்திச்சு."

"பொண்ணா?" தௌசீப் திடுக்கிட்டான். "அவ புருஷன் குடுக்கலியா?"

"ஆம்பளைங்க பொருள நான் எப்பப்பா தொட்டேன்? அதுதான் குடுத்திச்சு. வேற எங்கியும் காட்டக்கூடாது, ஆம்பூர் மக்பூல் சாப்கிட்டதான் காட்டணும், அங்க தோல் பாக்குறவரு கையில குடுத்தே ஆவணும்னு சத்தியம் வாங்கிச்சு. இன்னா வெல வரும்னு ஒரு வார்த்த கேக்கல. எத்தினி மணிக்குக் காட்டுவீங்கன்னு மட்டும் ரெண்டு தபா கேட்டுச்சு. பதினோரு மணின்னேன்."

போனில் பேச முடியாதவள், வாசல் தாண்ட முடியாதவள், காசை விற்கவா அனுப்பினாள்? அவனுக்கல்லவா அனுப்பியிருக்கிறாள்! பாய்ஜான் கண்டுபிடித்துவிடுவான் என்று. அவன் கண்டுபிடித்தும் என்ன செய்தான்? கழித்துக் கட்டினான்.

"சாப், அது என் தங்கச்சி மஹர்" என்றான். "என் அலீனாவோடது. ஊரு இன்னா வேணா பேசட்டும். நான் இப்பவே போயி அவள இட்டுக்கினு வர்றேன்."

அஜீஸுன்னிசா முடிச்சை அவிழ்த்துக் காசை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். முப்பது வருஷமாக எந்த வீடு என்று வாய் திறக்காதவள் அன்று திறந்தாள்.

"அலீனாதான்ப்பா. தபரேஸ் வூடுதான். தொணைக்கு நாலு ஆம்பளைங்களக் கூட்டிக்கினு போ. வாசக்கதவு பூட்டியே கெடக்கு, அந்த ஒரு வூட்டுக்குள்ள மட்டும் நான் ஒரு நாளும் போனதில்ல. ஜன்னல் கம்பிக்கு நடுவுல கைய வுட்டுத்தான் இதக் குடுத்திச்சு."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. பதினொரு மணியிலிருந்தே அவள் அந்த ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள்.