ஒரு மிடறு பால் மறுத்த ஊர்

மேகாக்லேயில் இருப்பவை: ஒரு தார்ச்சாலை, நாற்பது கடை, ஒரு பள்ளிவாசல், வெயில். வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள பக்கத்து ஊரில் ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், வற்றாத கிணறு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் அந்த ஊரின் பெயர் யாருக்கும் தெரியாது. மேகாக்லே என்று சொன்னால் ஜிபூத்தி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்கூட நின்று முணுமுணுப்பான்:

*மேகாக்லேயில் மத்தியான வெயிலில்*
*மரக்குடுவை சுமந்து வந்தவளே,*
*மறுத்தாயே ஒரு மிடறு பால்,*
*மண்ணுக்குள் போனாலும் அடங்காது தாகம்.*

நாற்பது வருடத்துப் பாட்டு. கேசட் தேய்ந்து, யுத்தம் வந்து, ஊரே காலியாகி எல்லையைத் தாண்டியபோது, அகதி முகாமில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன் மேகாக்லே என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வந்திருக்காளா?" என்றுதான் முதலில் கேட்டான். வரிசையில் நின்றிருந்த ஷாமிஸுக்கு அப்போது பயங்கரப் பசி. வரிசையோ நீளம். "நான்தான்" என்றாள்.

அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் இன்றுவரை அவள் பிழைப்பு ஓடுகிறது. யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பியதும் சாலையோரம் போட்டது அவளுடைய டீக்கடை. மேலே பச்சை எழுத்தில் பலகை: 'பாட்டில் வரும் பெண்ணின் கடை'. லாரிக்காரர்கள் பர்பரா துறைமுகத்திலிருந்து பிரேக்கைத் தொடாமல் வந்து இங்கேதான் தொடுவார்கள். அவள் புருஷன் ரோப்லே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கவிஞனால் முடியாததைத் தான் இருபது ஒட்டகம் பரிசம் கொடுத்து முடித்த கதையைச் சொல்வான். ஒவ்வொரு வருடமும் ஒட்டகம் இரண்டு கூடும்.

சிக்கல் என்னவென்றால், ஊரில் பாட்டில் வரும் பெண்கள் மொத்தம் ஏழு பேர். அவர்களில் ஹோடன் என்பவள் மேயரின் அக்கா. எதிர்ச்சாரியில் துணிக்கடை வைத்திருக்கிறாள், அங்கேயும் ஒரு பலகை.

மேயர் கூலேத் ஒரு நாள் கொடியெல்லாம் கட்டிய காரில் வந்து ஷாமிஸின் கடைமுன் இறங்கினார். ஊரை மாவட்டத் தலைநகர் ஆக்கியே தீருவது என்று கிளம்பியிருப்பவர். அதன் முதல் படியாக முச்சந்தியில் பால்குடுவைக்குச் சிமெண்டில் சிலை வைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும், கேஸ் சிலிண்டர் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"அக்கா, கேட்டுக்கோங்க. வியாழக்கிழமை நம்ம ஊர்ல பாட்டுத் திருநாள். பாட்டெழுதின ஷிர்தோன் ஐயாவே ஜிபூத்தியிலேர்ந்து வர்றார்."

ஷாமிஸின் கையிலிருந்த வடிகட்டி நின்றது. "உசுரோடவா இருக்கார்?"

"நல்லாவே இருக்கார். மேடையில வச்சு அந்தப் பொண்ணை அவரே கைகாட்டுவார். அவர் யாரைக் காட்டுறாரோ அவங்கதான். மத்தவங்க அன்னைக்குச் சாயங்காலமே பலகையக் கழட்டிடணும். தலைநகர்னா ஒரு ஒழுங்கு வேணும்ல?"

மேயர் போனதும் ரோப்லே நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டான். "ஏன்டி, அவருக்கு உன் முகம் ஞாபகம் இருக்குமா?"

இத்தனை வருடத்தில் அவன் இந்த விஷயத்தில் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஷாமிஸ் அவனைப் பார்த்தாள். ஊரிலேயே அவளை முழுசாக நம்புகிற ஒரே ஆள். கேட்டது சந்தேகத்தில் இல்லை, பெருமையில்தான். பலகை போனால் வேறு பலகை எழுதிக்கொள்ளலாம். இந்த மனுஷன் நாற்காலியை எங்கே கொண்டுபோய்ப் போடுவான்?

வியாழன் மத்தியானம் ஒரு பழைய ஜீப் கடைமுன் நின்றது. இறங்கிய ஷிர்தோன் ஐயாவுக்கு எண்பது இருக்கும். தாடியில் மருதாணிச் சிவப்பு, கையில் தடி, தலையில் ஹாஜியாரின் வெள்ளைத் தொப்பி. கடையில் ஆள் இல்லை. மொத்த ஊரும் பந்தலில் இடம் பிடிக்கப் போயிருந்தது. ரோப்லே விடிந்ததுமே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒட்டகப் பால் டீயை அவர் கண்மூடிக் குடித்தார். "நல்லா இருக்கும்மா. இந்த ஊருக்கு முன்னாடியே வந்திருந்தா குடிச்சிருக்கலாம்."

"வந்ததே இல்லையா?"

"இதான் முதல் தடவை."

ஷாமிஸ் அவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். "அப்போ பாட்டு?"

"பாட்டு ம-வில ஓடிச்சும்மா. முதல் வரி ம-வில விழுந்துட்டா கடைசி வரைக்கும் ம-வுலதான் ஓட்டியாகணும். உனக்குத் தெரியாததா? மோனை தப்பினா நம்மாளுங்க பாடுறவனைக் கல்லெடுத்து அடிப்பாங்க. ஊர் பேர் ஒண்ணு வேண்டியிருந்திச்சு. நான் அப்போ மீன்வளத்துறையில கிளார்க். சுவத்துல ஒரு வரைபடம் தொங்கும். மொகதிஷு போடலாம்னு பார்த்தேன். மொகதிஷுல எவன் பால் மறுப்பான்? மர்க்காவைப் பார்த்தேன். அங்க பால் ஏது, மீன்தான். ஓரமா ஈ எச்சம் மாதிரி ஒரு புள்ளி. மேகாக்லே."

"அந்தப் பொண்ணு?"

"ஆபீஸ் கேன்டீன்காரன். டீக்குக் கொஞ்சம் பால் கூட ஊத்துப்பான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டான். பெரிய மீசை வச்சிருப்பான். எனக்கு அன்னைக்குப் பல்வலி வேற. அந்தக் கோவத்துல ஒரே மூச்சுல எழுதினது."

ஷாமிஸ் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு தலைக்கு மேலே கையைக் காட்டினாள். கிழவர் எழுந்து வெளியே போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்து மெல்ல உட்கார்ந்தார்.

"நீயாம்மா அது?"

"நானும்தான். இன்னும் ஆறு பேர் இருக்காங்க. ஐயா, ஒண்ணு கேக்குறேன். மேடையில என்னையக் காட்டுங்க. என் வீட்டுக்காரருக்காக."

"முடியாதும்மா. போன வருஷம்தான் ஹஜ் முடிச்சேன். இனிமே பொய் சொல்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். மேடையில உண்மையச் சொல்லிட்டுப் போகணும்னுதான் கெளம்பி வந்ததே."

"ஹஜ்ஜுக்கு முன்னாடி நீங்க சொன்ன பொய்யிலதான் ஐயா இந்த ஊரே குடியிருக்கு!"

அவர் தடியை ஊன்றி எழுந்தார். நல்லவராக இருந்தார். அதற்கென்ன மருந்து?

பந்தலில் மேயர் முக்கால் மணி நேரம் பேசினார். பாரிஸுக்கு என்ன இருக்கிறது, லண்டனுக்கு என்ன இருக்கிறது, மேகாக்லேக்குப் பாட்டு இருக்கிறது என்றார். மற்ற ஆறு பெண்களும் முன்வரிசையில், ஆளுக்கொரு மரக்குடுவையோடு. ஹோடன் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வாங்கியதுபோல மஞ்சளில் உடுத்தியிருந்தாள். ஷாமிஸ் கடைசி நேரத்தில் வந்து ஓரமாக நின்றாள். ரோப்லே இடம் வைத்திருப்பதாகக் கைகாட்டினான். அவள் போகவில்லை.

கிழவர் மைக்கைப் பிடித்தார். "ஜனங்களே, நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. உங்க ஊரு ம-வுல ஆரம்பிக்குது, அவ்வளவுதான். பொண்ணும் கிடையாது, குடுவையும் கிடையாது. பால் மறுத்தவன் ஒரு கேன்டீன்காரன். அவனுக்கு மீசை இருந்திச்சு."

மேயரின் வாய் திறந்தபடி நின்றது. ஷாமிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேய்!" என்று யாரோ கத்தினார்கள். கண்ணைத் திறந்தாள். ரோப்லே எழுந்து நின்றிருந்தான், கண்ணெல்லாம் தண்ணீர். "அடேய், பாருங்கடா! கவிஞன்னா இவன்டா கவிஞன்! இன்னொருத்தன் பொண்டாட்டி ஆயிட்டாங்கிறதுக்காக, அவ பேரு வெளிய வரக்கூடாதுன்னு, மீசை வச்சவன்னு சொல்றாரேடா!"

ஒரு கணம் ஊர் யோசித்தது. மரியாதை தெரிந்த கவிஞன் தான் விரும்பிய பெண்ணின் பெயரை எந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறான்? ஒட்டகம் என்பான், மழை என்பான், குதிரை என்பான். இவர் கேன்டீன்காரன் என்கிறார். பெண்கள் குலவையிட்டார்கள்.

"இல்லப்பா, நிஜமாவே கேன்டீன்..."

"ஐயோ, ஹஜ்ஜையே பணயம் வைக்கிறாரே!" என்று ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அவன் பேரு மட்டான்! காதுல பென்சில் சொருகியிருப்பான்!"

"பேரு வேற வச்சிட்டார்! எப்பேர்ப்பட்ட மனசு!"

அவர் ஒவ்வொரு உண்மையாக எடுத்து வைக்க வைக்கக் குலவை கூடிக்கொண்டே போனது. ரோப்லே மேடையேறி அவரைக் கட்டிப்பிடித்து, "எங்க குடும்ப மானத்தைக் காப்பாத்திட்டீங்க ஐயா" என்று தோளில் சாய்ந்து அழுதான். அதைப் பார்த்ததும் ஹோடனின் புருஷனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சும்மா இருந்தால் தன் பெண்டாட்டி இல்லை என்று ஆகிவிடுமே. அவனும் ஓடினான். பிறகு மற்ற ஐந்து பேரும். கிழவர் ஏழு புருஷன்மாரின் தழுவலில் மூச்சு முட்டி நிற்க, மேயர் மைக்கை மீட்டு, கவிஞரின் பெருந்தன்மையைக் கருதி எந்தப் பலகையும் கழற்றப்படாது என்று அறிவித்தார்.

சாயங்காலம் ஜீப் திரும்பவும் ஷாமிஸின் கடையில் நின்றது. இப்போது கடை நிரம்பி வழிந்தது. லாரிக்காரர்கள் எழுந்து நின்று பெஞ்சை ஒழித்தார்கள். எதிர்ச்சாரியில் ஹோடன் துணியை மடிக்கிற சாக்கில் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவர் உட்கார்ந்தார். தொப்பி கோணியிருந்தது. தடியை யாரோ ஞாபகார்த்தமாக எடுத்துப்போயிருந்தார்கள்.

"நம்ப மாட்டேங்கிறாங்கம்மா," என்றார் சன்னமாக.

"உங்களை யாரு ஐயா நல்லா எழுதச் சொன்னது?" என்றாள் அவளும் சன்னமாக.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் ரோப்லே நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். கேள்வி கேட்பது பொய்யில் சேராது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஒரு மிடறு பால் கிடைக்குமா?"

டம்ளர்கள் எல்லாம் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. எதிர்க்கடையில் துணி கீழே விழுந்தது.

ஷாமிஸின் பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில், குடுவை வாய்வரை நிறைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அவள் அதை மறைத்தாற்போல நகர்ந்து நின்றாள்.

"பால் தீந்துபோச்சு," என்றாள். "வேணும்னா கட்டன் டீ தர்றேன்."