கட்டுரையின் கடைசி வரி

வலது கன்னத்தை முடித்துவிட்டு, இடது பக்கத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தாள் வீர்வே. மதியம் பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வருகிறார், இந்தத் தாடியோடு காட்சி கொடுக்க மாட்டேன் என்று காலையிலேயே அடம்பிடித்துவிட்டார் அவளுடைய அப்பா ரைமோ ஹவுக்கா. நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து டாக்டர் அவளிடம் சொல்லியாயிற்று. இருந்தாலும் எழுத்தாளருக்கு முகம் முக்கியம்.

ஹவுக்காவின் முகம் தெரியாதவர்கள் பின்லாந்தில் குறைவு. போஸ்னியாவில் சண்டை நடந்தபோது செய்தி சேகரிக்கப் போனவர், பார்த்ததையெல்லாம் நாவலாக்கிக்கொண்டு திரும்பினார். மனிதன் மனிதனைக் கொல்வதை மூன்று தடித்த புத்தகங்களில் எழுதித் தீர்த்த பிறகு, மனிதன் பூமியைக் கொல்வதை எழுத ஆரம்பித்தார். போர் விற்காமல் போனதும் உங்கப்பாவுக்கு வெயில் உறைக்க ஆரம்பிச்சிடுச்சு என்பாள் அம்மா. அவள் இவரை விட்டுப் போய், பிறகு உலகத்தை விட்டும் போய் வெகு காலம் ஆகிறது.

அவரைக் கொண்டாட வைத்தது நாவல்கள்கூட இல்லை, ஒரு கட்டுரை. வடக்கே உருகும் பனியைப் பற்றியது. அதன் கடைசி வரியை இன்றைக்கும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். 'எத்தனையோ குண்டுகள் விழுந்ததை எழுதியிருக்கிறேன். நானே இந்தப் பூமியின் மேல் போட்ட குண்டு என் மகள், அவளை நான் பெற்றிருக்கக் கூடாது.'

வெளிவந்தபோது மகளுக்குப் பதினைந்து வயது. மறுவாரமே மொழி ஆசிரியை அதை நகலெடுத்து வகுப்பில் கொடுத்து, நல்ல மனதோடுதான், வீர்வேயையே எழுந்து வாசிக்கச் சொன்னாள். பள்ளிக்கூடம் முடிகிறவரை அவள் கடந்து போகும்போதெல்லாம் பையன்கள் வாயாலேயே வெடித்துக் காட்டினார்கள். வீட்டில் வந்து அழுதபோது, இது உன்னைப் பற்றியது இல்லை, எல்லாரையும் பற்றியது என்று சொல்லிவிட்டு அப்பா எழுதப் போய்விட்டார்.

அவள் அதை நம்பினாள். முப்பத்தொரு வயதில் வயிற்றில் வந்ததை வேண்டாம் என்று கலைத்தது அந்த நம்பிக்கையில்தான். கணவன் யானி கெஞ்சினான், கோபித்தான், கடைசியில் கிளம்பிப் போனான். இப்போது அவனுக்கு வேறொருத்தியிடம் இரண்டு பெண்கள். வீர்வே அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும், அவர் எழுதியதை இந்த வீட்டில் ஒருத்தியாவது வாழ்ந்து காட்டினாள் என்று உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கலாம், வீர்வே."

கத்தி தாடையிலேயே நின்றது.

"பக்கத்து ரூம் கிழவனைப் பாக்கப் பேரப்பசங்க வர்றாங்க," என்றார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "ஒரே கூச்சல். கேக்க நல்லாத்தான் இருக்கு."

"நீங்கதானேப்பா எழுதினீங்க, என்னைப் பெத்திருக்கக் கூடாதுன்னு."

"அதுவா?" சிரிக்கப் போய் இருமல் வந்தது. அவள் தலையைத் தாங்கிப் பிடித்தாள். "அன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும். முடிவு சரியா அமையல. கடைசியில ஒரு அடி விழணுமில்ல? அதுக்காகப் போட்டது. எழுதறவன் மக, உனக்கு இது தெரியாதா?"

"நான் அதை நம்பினேன்."

"எல்லாரும்தான் நம்பினாங்க," என்றார். "நல்லா வந்திருந்துச்சு."

கழுத்துப் பக்கம்தான் பாக்கி இருந்தது. அதையும் ஒழுங்காகவே முடித்து, ஈரத் துணியால் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்தாள். புகைப்படக்காரர் வந்தார், ஜன்னல் பக்கம் பார்க்கச் சொன்னார், காபி குடித்துவிட்டுப் போனார். அப்பா அசந்து தூங்கினார். எழுந்ததும் சொல்லிவிடுவது என்று வீர்வே முடிவு செய்தாள். அந்த ஒரு வரிக்காகத் தான் எதைக் கொடுத்தாள் என்று அவர் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோதே, பொழுது சாய்கிற நேரத்தில், அவர் மூச்சு நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. கடைசி வார்த்தையையும் தானே பேசிவிட்டுப் போய்விட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

அடக்கத்தன்று தேவாலயம் நிரம்பி வழிந்தது. டிசம்பரில் பனி விழாமல் மழை பெய்தது, ஹவுக்காவுக்காகவே பெய்கிறது என்று வெளியே யாரோ பாராட்டிக்கொண்டிருந்தார்கள். உறவு முறைப்படி ஒவ்வொருவராகப் போய்ப் பெட்டியருகே மலர் வைத்து, இறந்தவருக்கு நாலு வார்த்தை சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் வீர்வே. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். "அப்பாவுக்கு, மகள் வீர்வே" என்று மட்டும் சொல்லி வெள்ளை ரோஜாக்களை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உறவுக்காரர்கள் முடிந்ததும் வந்த பதிப்பாளர் மர்கெத்தா அந்தக் கடைசி வரியை மனப்பாடமாக, குரல் தழுதழுக்கப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். அத்தனை கண்களும் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. குண்டு அங்கே கறுப்பு உடுப்பில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது.

பிறகு பக்கத்துக் கூடத்தில் காபி, கேக். இரங்கல் செய்திகளை வாசிக்க மர்கெத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளம் தம்பதி தட்டுகளோடு வீர்வேயிடம் வந்தார்கள். பெண்ணுக்கு மிஞ்சினால் இருபத்தெட்டு இருக்கும்.

"உங்களைப் பாக்கணும்னுதான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தோம்," என்றாள். "நாங்க குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணினது அந்தக் கட்டுரையைப் படிச்சுத்தான். சுலபமா இல்ல. இவருக்குக் குழந்தைங்கன்னா உயிர்."

கணவன் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. சார் கடைசி வரைக்கும் அந்த வார்த்தையில நின்னாரா?"

ஒரே ஒரு பதில் போதும். அதைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் சொன்னால், ஒரு ராத்திரிக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரைக்காகத் தன் வயிறு வெறுமையானது என்று இத்தனை பேர் நடுவே தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் மட்டும்தான் ஏமாந்தேனா என்று ஒரு குரூரம் அவளுக்குள் எழுந்தது.

"நின்னார்," என்றாள் வீர்வே. "கடைசி வரைக்கும்."

அந்தப் பெண் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் கதவருகே ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார்கள்.

மர்கெத்தா வாசிக்க ஆரம்பித்தாள். அமைச்சர் ஒருவர், எழுத்தாளர் சங்கம், இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒவ்வொன்றிலும் அந்த வரி வந்தது, ஒவ்வொரு தடவையும் தலைகள் ஆடின. வீர்வே கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ உறவுக்காரரின் சின்னக் குழந்தை ஒன்று மேசைக்கடியில் தவழ்ந்து போய் அந்த இளைஞனின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றது. அவன் கைக்குட்டையால் முகத்தை மூடி மூடித் திறந்தான். குழந்தை கெக்கலித்தது. அவன் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீர்வே எழுந்துவிட்டாள். அதே நேரம் பாட்டு தொடங்கியது, கூடமே எழுந்து நின்றது. பாட்டு முடிந்ததும் கைகுலுக்க வரிசை கட்டி வந்துவிட்டார்கள். உங்கள் தந்தை எங்களுக்கெல்லாம் தந்தை என்றார் ஒருவர். ஒவ்வொருவர் தோளுக்கு மேலாகவும் அவள் கதவைப் பார்த்தாள். வரிசை குறைந்தபாடில்லை. ஒரு கட்டத்தில், நீட்டிய கையை விட்டுவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு போனாள். அதற்குள் அந்த மேசை காலியாகியிருந்தது. கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினாள். மழையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்தது யார் என்று கண்ணாடி வழியே ஒன்றும் தெரியவில்லை.

நனைந்து திரும்பியவள், அவர்கள் பெயர் என்ன, எந்த ஊர் என்று மர்கெத்தாவிடம் கேட்டாள்.

"வாசகர்கள்மா," என்றாள் மர்கெத்தா, அவள் முதுகைத் தடவிக்கொடுத்து. "நாடு முழுக்க இருக்காங்க."

வீர்வே கதவருகே இருந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். ஒரு தட்டில் பாதி தின்ற கேக்கும், கோப்பையில் ஆறிப்போன காபியும் இருந்தன. கூடத்தைச் சுத்தம் செய்கிற பெண்மணி தள்ளுவண்டியோடு வந்து, இதை எடுக்கலாமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள் வீர்வே. "அவங்க இன்னும் முடிக்கல."

பெண்மணி கதவு வழியே காலியான வாசலைப் பார்த்தாள். பிறகு மற்ற மேசைகளின் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள்.