ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மரங்கள்

மேப்பிள் தோப்பில் பாகு காய்ச்ச மரச்சாறு இறக்கும் குழாய்களைச் சரிபார்க்கப் போன ஹில்யாவுக்கு, முதலில் காலடியில்தான் ஏதோ தப்பாகப் பட்டது. மெத்தை மாதிரி அமுங்க வேண்டிய சருகைக் காணோம். காப்பித்தூள் சக்கையைக் கொட்டி வைத்ததுபோல் மண் உதிரியாகக் கிடந்தது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. கன்று என்று ஒன்றுகூட இல்லை.

குச்சியால் கிளறினாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மண்புழு ஒன்று பாம்புபோல் துள்ளியது. பிடித்தாள். வாலைக் கையில் விட்டுவிட்டு அது ஓடிவிட்டது. வால் மட்டும் உள்ளங்கையில் துடித்தது. அதற்குள் அவளைச் சுற்றி மண்ணே நெளிய ஆரம்பித்திருந்தது.

ஓடாத குறையாக ஏரிக்கரைக்கு வந்தாள். அவள் புருஷன் ரெய்னோ, தங்கள் விடுதிக்கு வந்தவர்கள் பிடித்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மிச்சத் தூண்டில் புழுவையெல்லாம் நீ எங்க கொட்டுற?"

"தோப்புலதான். உசுரோட இருக்கறத குப்பையில போட மனசு வரல. மண்ணுக்கு நல்லதுதானே?"

"உன் தோட்டத்துக்கு நல்லது. இந்தக் காட்டுல மண்புழுவே இருந்தது கிடையாது, ரெய்னோ. பனியுகத்துப் பனி உருகின காலத்துலேருந்து சருகுதான் மண்ணு. அதுலதான் கன்னு வேர் விடும். அத இந்தப் புழு மொத்தமா தின்னுட்டு நிக்குது."

"என்னமோ கரடி வந்தாப்ல பேசுற."

"கரடின்னா விரட்டிடலாமே."

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

கடுகுப்பொடியைத் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போனார்கள். அதன் காரம் தாங்காமல் புழு மேலே வந்துவிடும். தோப்பில் ஊற்றிய இடமெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தன. ரெய்னோவின் முகம் வெளிறிப்போனது. மேட்டில் குறைந்தன. ஓடைக்கரையில் ஒன்றும் வரவில்லை.

"தப்பிச்சோம்," என்றான்.

ஹில்யா தன் பூட்ஸின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளங்களில் அதே உதிரி மண். அந்தப் புழுவின் முட்டைக்கூடு கடுகளவுதான் இருக்கும், நிறமும் மண்நிறம். காலையில், புழுவைப் பார்ப்பதற்கு முன்பே, இதே பூட்ஸோடு தோப்பில் நடந்து, ஓடையைத் தாண்டி, கிழட்டு மரங்கள் வரைக்கும் போயிருந்தாள்.

"ஓடைக்கு அந்தப்பக்கம் எங்கெல்லாம் மிதிச்ச?" அவள் பார்வை புரிந்து ரெய்னோ கேட்டான்.

"தெரியல," என்றாள். "எல்லா மரத்துக்கிட்டயும் போனேன்."

அன்று முதல் தோப்பு மண் பட்ட எதையும் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்ட அவள் யாரையும் விடவில்லை. விடுதிக்காரர்களின் மிச்சப் புழுவைப் பையில் கட்டி, வெயிலில் வேகவைத்துக் குப்பையில் போட்டான் ரெய்னோ. மனசு வருகிறதா என்று அவள் கேட்கவில்லை. குளிரில் பெரிய புழுக்கள் செத்தன. கூடுகள் சாகாது என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் கிழட்டு மரங்களின் அடியில் சருகு அப்படியே இருந்தது. நடுவே விரல் உயரக் கன்றுகள். ஹில்யா கடுகுத் தண்ணீரை ஊற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு மரத்தடியிலும் அப்படியே நின்றாள்.

"ஒண்ணும் வரல பாரு," என்றான் ரெய்னோ.

"இந்த வருஷம் வரல," என்று சொல்லிவிட்டு, அவள் வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினாள்.